வீட்டுக்கு மார்க்குப் போடுவது யார்?

நெய்வேலி நகரியத்தில் எந்தத் தகப்பனாரையாவது நிறுத்தி, “உங்கள் குடும்பம் எப்படி?” என்று கேட்டால், “நமக்கென்ன குறை? குவார்ட்டர்ஸ் இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, பிள்ளைகள் எதிர்த்து வாயைத் திறப்பதில்லை” என்று பெருமையோடு பதில் வரும். அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம். பிள்ளை வாயைத் திறக்காதது அன்புக்கு அத்தாட்சியா, பயத்துக்கு அத்தாட்சியா?

தோழர்களே! அவ்வூரில் பழுப்பு நிலக்கரி அகப்பட்டது எப்படி? பூமிக்குச் சூடம் காட்டியதாலா? துளை போட்டுப் பார்த்ததால் அல்லவா? 1956-ல் கம்பெனி ஏற்பட்டு, 1957-ல் சுரங்க வேலை துவங்கி, 1961-ல் கரி கண்ணில் பட்டது. கரிக்கு அடியில் இருக்கும் ஊற்று நீர் பீறிட்டுச் சுரங்கத்தைக் கெடுத்துவிடாதபடி இராப்பகலாய் இறைக்கிறார்கள். பூமியின் அழுத்தத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை! வீட்டிலுள்ள பதினைந்து வயதுப் பெண்ணின் மனதில் என்ன அழுத்தம் என்று பார்த்தவர் எத்தனை பேர்?

“மனதை எப்படி ஐயா அளப்பது?” என்பார்கள். அளக்கத்தான் செய்கிறார்கள். 1987-ல் ஆர்ம்ஸ்டன், கிரீன்பெர்க் என்ற இருவர் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். பெற்றோரிடம் நம்பிக்கை உண்டா, மனம்விட்டுப் பேச முடிகிறதா, ஒதுக்கப்பட்டதாக எண்ணம் உண்டா என்னும் மூன்றையும் பிள்ளைகளிடமே அது கேட்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு, 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம், மனதை உறுத்துவதைத் தாயிடமும் தகப்பனிடமும் சுலபமாய்ச் சொல்ல முடிகிறதா என்று நான்கு வருஷத்துக்கொரு முறை கேட்டு வருகிறார்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில், பெரும்பாலும் பெற்றோர் போட்ட மார்க்கே அதிகமாயிருந்தது. தன் சமையலுக்குத் தானே மார்க்குப் போட்டுக்கொண்டால் வேறென்ன ஆகும்?

“இது மேல்நாட்டுச் சரக்கு” என்று சிலர் சீறுவார்கள். நெய்வேலியில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தபோது இந்த ரோஷம் எங்கே போயிற்று? ஆனால் கேள்விகளை அப்படியே பெயர்த்துப் போட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நம் வீட்டில் பாட்டி உண்டு, அண்ணன் உண்டு, ஜாதி உண்டு. “அண்ணன் பேச்சுக்குக் கொடுக்கும் காதை உன் பேச்சுக்கும் கொடுக்கிறார்களா?” என்று பெண்ணைக் கேட்கத்தான் வேண்டும்.

“பிள்ளைகள் பொய் சொல்லும்” என்பது அடுத்த ஆட்சேபம். தகப்பனார் தலைமாட்டில் நின்றால் பொய்தான் வரும். ஆகவே பெயரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் இல்லாமல், தனியே கேட்க வேண்டும். எந்த வீட்டையும் சந்தி சிரிக்க வைப்பதற்கல்ல இந்தக் கணக்கு. பொதுவில் நோய் எங்கே என்று அறிவதற்கே.

பரீட்சையில் தவறிய பையன் வீட்டுக்கு வரப் பயந்து எங்கோ போய் உயிரை விட்ட பிறகு, “எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மாரடித்துக்கொள்வதில் என்ன பிரயோஜனம்? சொல்லக்கூடிய வீடாக அது இருந்ததா என்பதல்லவா கேள்வி?

தம்மைப் பற்றிய விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டென்று 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஒப்பந்தம் செய்தது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றது. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நான்கு பேருக்கு வரிசையில் இடம் கொடுத்த நாம், அந்த வரிசையின் எதிரில் கைகட்டி நிற்கும் குழந்தையை ஒரு வார்த்தை கேட்டோமா? இனியாவது கேளுங்கள், கேட்டபின் கோபிக்காதிருங்கள்.