தேள் கொட்டினா கையைத் தொட்டுப் பாருங்க

ஜவ்வாது மலையில அரசு மருத்துவரா இருக்கேன். கல் அடுக்கு, விறகுக் கட்டு, கூரைன்னு எங்க கை வெச்சாலும் தேள் இருக்கிற ஊர். அதனால இந்த இழை.

போன வருஷம் ஒரு ராத்திரி ஆறு வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. "வலி குறைஞ்சிருச்சு சார். நல்லா வேர்க்குது, விஷம் இறங்குது"ன்னார் அப்பா. கையைத் தொட்டா ஐஸ் மாதிரி இருந்தது. அந்த வேர்வை விஷம் இறங்குறதுக்கான அடையாளம் இல்லைங்க. ஏறுறதுக்கு.

செந்தேளோட விஷம் நரம்புல இருக்கிற சோடியம் கதவுகளை மூடவிடாது. நரம்பு முனை ஓயாம நார்அட்ரினலினைக் கொட்டும், கூடவே அட்ரினல் சுரப்பியும். அது ரத்தக்குழாய்ச் சுவர்ல உள்ள தசையில 'ஆல்ஃபா-1' ஏற்பியில போய் உட்காரும். தசைக்குள்ள கால்சியம் ஏறும், தசை இறுகும். உடம்பு முழுக்க சின்னக் குழாய்கள் ஒரே நேரத்துல இறுகினா? தண்ணி பாயுற ஹோஸை மடக்கிப் பிடிச்சா மோட்டார் படுற பாடுதான் இதயத்துக்கு. தோலுக்கு ரத்தம் வராததால கை சில்லிடும். இதயம் தளர்ந்தா நுரையீரல்ல நீர் கோக்கும், மூச்சு திணறும்.

இதுக்கு மருந்து விலை குறைஞ்ச ஒரு பிபி மாத்திரை: பிரஸோசின். ஆல்ஃபா-1 இடத்தை அடைச்சு இறுக்கத்தை விடுவிக்கும். 1980-களில் மகாராஷ்டிராவின் மஹாட் பகுதியில் கிராமப்புற மருத்துவரா இருந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இதைக் கொடுத்துப் பார்த்து 'லான்செட்'டில் எழுதினார். அதுக்கு முன்னாடி கடுமையா விஷம் ஏறினவங்கள்ல 30 சதவீதம் வரை இறந்துட்டிருந்தாங்க. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாம ஒரு கிராமத்து டாக்டர் கண்டது. எனக்கு அதுல கொஞ்சம் கர்வம் உண்டு.

கோபமும் உண்டு. இன்னமும் தேள் கொட்டுன்னா ஸ்டீராய்டு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புறாங்க. அது இந்த இறுக்கத்தைத் தொடாது. கடைகள்ல பிரஸோசின் கேட்டா மெதுவா கரையுற 'எக்ஸ்எல்' ரகத்தை நீட்டுறாங்க. அதை உடைச்சுக் குழந்தைக்குத் தர முடியாது. சாதா மாத்திரை மலையில ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துலயும் இருக்கணும், கை சில்லிட்ட உடனே செவிலியரே முதல் டோஸ் கொடுக்க அனுமதி வேணும். கீழே போளூர் போய்ச் சேர்றதுக்குள்ள நேரம் போயிடுது.

வலி உயிர் போற மாதிரி இருந்தும் கை கதகதப்பா இருந்தா பெரும்பாலும் பயம் குறைவு. ஆனாலும் வந்து காட்டுங்க. சில்லிட்ட கை, வேர்வை, வாந்தி, ஆண் குழந்தைகளுக்கு உறுப்பு விறைப்புன்னா ஒரு நிமிஷமும் காத்திருக்காதீங்க. மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்க வேணாம். அது கொடுத்தப்புறம் பிள்ளையை எழுப்பி உட்கார வைக்கவும் கூடாது, பிபி சடார்னு இறங்கும். படுக்க வெச்சே தூக்கிட்டுப் போங்க.