சனிக்கு எத்தனை நிலா என்பதா அறிவியல்?

2025 ஜூலை 12 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதி பாடத்திட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று தேர்வர்கள் கொதித்தார்கள். மறுதேர்வு கேட்டார்கள். கட்சிகள் அறிக்கை விட்டன. பதினொரு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதிய தேர்வு. அந்தக் கோபத்தை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால், சண்டை முழுக்க ‘எந்தக் கேள்வி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது’ என்பதைச் சுற்றியே நடந்தது. ஒரு கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்ற விவாதம் எழவே இல்லை.

தமிழ்ப் பகுதியைத் தமிழறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் ஆதங்கம் பொது அறிவியலைப் பற்றியது. யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு, எத்தனை, எது மிகப் பெரியது? நம் போட்டித் தேர்வுகளிலும் அவற்றுக்கான கையேடுகளிலும் அறிவியல் என்ற பெயரில் புழங்குவதில் பெரும்பகுதி இந்த நான்கு அச்சில் வார்க்கப்பட்ட துணுக்குகள்தான். பள்ளிப் பாடநூலில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஓரத்தில் போட்ட பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டு, அந்தப் பாடத்தைப் படிக்காமல் கடந்துபோகும் ஒரு தலைமுறையையே இந்தத் தேர்வுகள் உருவாக்கிவிட்டன.

சனிக் கோளின் நிலாக்களை எடுத்துக்கொள்வோம். ‘அதிக நிலாக்கள் கொண்ட கோள் எது?’ என்ற கேள்வி இல்லாத பொது அறிவுக் கையேடு அபூர்வம். இந்தக் கேள்வியின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். 2019 அக்டோபரில் 20 புதிய நிலாக்கள் அறிவிக்கப்பட்டு, சனியின் கணக்கு 82 ஆனது. 79 வைத்திருந்த வியாழன் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. 2023 பிப்ரவரியில் வியாழனின் எண்ணிக்கை 92 ஆக, அது சனியை முந்தியது. அதே ஆண்டு மே மாதம் சனி ஒரே தாவலில் 140-ஐத் தாண்டி முதலிடத்தை மீட்டது. 2025 மார்ச்சில் சர்வதேச வானியல் ஒன்றியம் மேலும் 128 நிலாக்களை அங்கீகரித்தது. அத்தோடு மொத்தம் 274 ஆனது.

அதாவது, 2023 ஜனவரியில் ‘சனி’ என்று எழுதியவருக்கு மதிப்பெண் உண்டு; மார்ச்சில் எழுதியவருக்கு இல்லை; ஜூனில் எழுதியவருக்கு மறுபடி உண்டு. அந்த மார்ச்சில் அண்ணனின் பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து ஒரு பெண் இதே கேள்வியை எதிர்கொண்டிருந்தால், அவருக்கு மதிப்பெண் போயிருக்கும். வானியல் தெரியாததால் அல்ல, புதுப் பதிப்பு வாங்கக் காசில்லாததால். இதையா தகுதி என்கிறோம்?

அந்த 128 நிலாக்கள் அகப்பட்ட விதத்தில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று பாருங்கள். தைவானின் அகாடெமியா சினிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் ஆஷ்டன் தலைமையிலான குழு, ஹவாய்த் தீவு மலையுச்சியில் இருக்கும் தொலைநோக்கியால் சனியைச் சுற்றியுள்ள வானத்தை மணிக்கணக்கில் அடுத்தடுத்துப் படமெடுத்தது. சனி வானில் நகரும் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு படத்தையும் கொஞ்சம் நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அப்படிச் செய்யும்போது விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டுப் போகும்; சனியோடு சேர்ந்து நகர்பவை மட்டும் ஒளி கூடிப் புள்ளியாகத் தெரியும். தனிப் படத்தில் கண்ணுக்கே படாத, சில கிலோமீட்டர் அகலமே கொண்ட பாறைகள் அவை. அவற்றில் பல, சனி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. கூட்டம் கூட்டமாக ஒத்த பாதைகளில் போகின்றன. பழைய நிலாக்கள் மோதி உடைந்த சில்லுகள் இவை என்று வானியலாளர்கள் கருதுவது அதனால்தான்.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு பாறை எவ்வளவு பெரிதாக இருந்தால் அது நிலா? இதற்கு இன்றுவரை வரையறை கிடையாது. சனியின் வளையமே எண்ணற்ற பனிக்கட்டித் துண்டுகள்தான். ஒவ்வொரு துண்டும் சனியைச் சுற்றத்தான் செய்கிறது. அப்படியானால் 274 என்பது சனியைப் பற்றிய உண்மையா, நம் தொலைநோக்கியின் எல்லையைப் பற்றிய உண்மையா? ஒரு பத்தாம் வகுப்பு மாணவியிடம் இதைக் கேளுங்கள். அரை மணி நேரம் யோசிப்பாள், வாதாடுவாள். அதுதான் அறிவியல். அவளிடம் போய் ‘274, மனப்பாடம் செய்துகொள்’ என்பது அறிவியலுக்குச் செய்யும் துரோகம்.

நிலாவாவது தொலைவில் இருக்கிறது. பாம்பு நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

‘உலகின் மிக நீளமான நச்சுப் பாம்பு எது?’ போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் யோசிக்காமல் ராஜநாகம் என்பார்கள். தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு வெளியே அதைப் பார்ப்பதே அரிது. அது மனிதரைக் கடிப்பது அதைவிட அரிது. நம்மைக் கொல்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அரசு மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நான்கின் நஞ்சுக்கானதுதான். கட்டுவிரியன் இரவில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, பல்தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, கண்ணிமை செருகல், மூச்சுத் திணறல். அஜீரணம் என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்து பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடிக்குப் பலியானோர் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்துவிட்டது.

குரூப் 4 தேர்வு யாரைத் தேர்ந்தெடுக்கிறது? மற்றவர்களோடு கிராம நிர்வாக அலுவலர்களையும் (வி.ஏ.ஓ.). நள்ளிரவில் ஊரில் ஒருவரைப் பாம்பு கடித்தால் கதவைத் தட்டி எழுப்பப்படும் அரசு ஊழியர்களில் ஒருவர் அவர். அவருக்கு ராஜநாகத்தின் நீளம் தெரியும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தெரியுமா? நாம் சோதிக்கவே இல்லை. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற, பாம்பு பிடிக்கும் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதுவும் ஒரு மதிப்பெண் துணுக்காகிவிட்டது. அவர்களின் சமூகத்தார் வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்துத் தரும் நஞ்சு எப்படி மருந்தாகிறது என்பது யாருக்கும் கேள்வியாகவில்லை. மின்னலிலும் இதே கதைதான். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்ளின் என்பது எல்லோருக்கும் தெரிந்த நாட்டில், 2022-ல் மட்டும் 2,887 பேர் மின்னல் தாக்கிச் செத்திருக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது.

லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு, ஓ.எம்.ஆர். தாள், நான்கு விடைகள், வேறு வழியில்லை என்பார்கள். இது சோம்பேறித்தனத்தின் வாதம். கேள்வியை இப்படி அமைக்கலாமே: வயலோரக் குடிசையில் தரையில் தூங்கிய சிறுவன், விடிகாலையில் வயிற்று வலி என்கிறான்; கண்ணிமை கீழிறங்குகிறது; உடலில் காயமில்லை. முதலில் செய்ய வேண்டியது என்ன? இதற்கும் நான்கு விடை கொடுக்கலாம், இதையும் இயந்திரமே திருத்தும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடக் கேள்விதான் நியாயம் என்போர், அந்தப் பிள்ளைகளை அவமதிக்கிறார்கள். தரையில் படுத்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி மாநகரப் பிள்ளையைவிட நன்றாகவே புரியும். பயிற்சி மையங்களின் ஆட்சேபணையைக் காதில் வாங்கவே வேண்டாம்; துணுக்குகள் மாறிக்கொண்டே இருப்பதில்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது.

கொடுமை என்னவென்றால், பொருள் உணராமல் கற்பதற்கும் கருத்துணர்ந்து கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆணையமே தன் அறிவியல் பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பாக வைத்திருக்கிறது. எழுதிவைத்ததைக் கேள்வித்தாளில் காட்டும் துணிவு மட்டும் இல்லை.

யார், எப்போது, எத்தனை, எது பெரியது என்ற கேள்விகளை அறிவியல் பகுதியிலிருந்து அடியோடு நீக்க வேண்டும். விதிவிலக்கே கூடாது. தேர்வு மாறினால் பயிற்சி மாறும். பயிற்சி மாறினால் ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரும் பெட்டிச் செய்தியை விட்டுப் பாடத்துக்குத் திரும்புவார். ஐந்தே ஆண்டுகளில் பாம்புக் கடிச் சாவுகள் குறைவதை நாம் கண்ணால் பார்ப்போம். அடுத்த குரூப் 4 அறிவிக்கை வருமுன், அறிவியல் பகுதிக்கு மட்டுமாவது ஒரு புதிய மாதிரி வினாத்தாளைத் தயாரித்து, தாலுகா மருத்துவர், வேளாண் அலுவலர், பள்ளி ஆசிரியர் ஆகியோரிடம் காட்டித் திருத்தி, தன் இணையதளத்தில் ஆணையம் வெளியிட வேண்டும்.