கையொப்பமிட்டவருக்கு யார் காவல்?

நியூயார்க்கில் 2024 டிசம்பரில் யுனைடெட்ஹெல்த்கேர் தலைமை நிர்வாகி பிரையன் தாம்சன் சுட்டுக் கொல்லப்பட்டபின், பெருநிறுவனத் தலைவர்களுக்கு மெய்க்காவலர் அமர்த்துவது பற்றிய பேச்சு மிகுந்துள்ளது. முகேஷ் அம்பானி குடும்பத்தினருக்கு அவர்தம் செலவிலேயே இசட் பிளஸ் காவல் அளிக்க, 2023இல் நம் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது.

ஆயின் நம் ஆலைகளில் உயிரிழந்தோர் அத்தகைய செல்வர் அல்லர். 2009 செப்டம்பரில் கோவை பிரிக்கால் ஆலையில், தொழிலாளர் 42 பேர் நீக்கப்பட்டதை அடுத்து, தாக்கப்பட்டு மாண்டவர் மனிதவளத் துணைத் தலைவர். 2012 ஜூலையில் மானேசர் மாருதி ஆலைத் தீயில் மாண்டவரும் மனிதவளப் பொது மேலாளரே. இருவரும் சம்பளக்காரர்கள். (2020இல் கொச்சியில் கல்லெறியால் காயமுற்ற முத்தூட் ஃபைனான்ஸ் நிர்வாக இயக்குநர் ஒரு விதிவிலக்கு.)

பணிநீக்கக் கடிதத்தின் வாக்கிய அமைப்பைக் கவனித்தல் வேண்டும். 'நீக்கப்படுகிறீர்கள்' என்னும் செயப்பாட்டு வினையில் நீக்கியவர் மறைந்துவிடுகிறார். அடியில் கையொப்பமிட்டவர் மட்டுமே தெரிகிறார். முடிவு மேலிடத்தினது, பெயர் அவருடையது. கொலைக்கு எந்நியாயமும் இல்லை. எனினும் அவரைத் தனியே முன்னிறுத்திவிட்டு, காவலுக்கான பணத்தை இயக்குநர் வீட்டு வாயிலில் செலவிடுவது பொருந்தாக் கணக்கு. பேச்சுவார்த்தை மேசைக்கு இயக்குநரே வருதல் வேண்டும்.