வில்லில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'டாக்சிக்' என்றொரு சொல் உண்டு. நச்சுத்தன்மை உடைய, தீங்கு பயக்கும் என்பது அதன் பொருள். ஆலைக்கழிவைக் குறிக்கவும் இச்சொல்தான். மனத்தை வருத்தும் நட்பைக் குறிக்கவும் இன்று இச்சொல்தான். 2018ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் இதையே தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு செல்வாக்குப் பெற்ற சொல்லை நாம் பொருளறிந்து பயன்படுத்துகிறோமா?

கிரேக்க மொழியில் 'டாக்சான்' என்றால் வில். அம்பு முனையில் தடவும் நஞ்சை அவர்கள் 'டாக்சிகான் ஃபார்மகான்' என்றார்கள். 'வில்லுக்குரிய மருந்து' என்று இதைச் சொல்லலாம். 'ஃபார்மகான்' என்பதற்கு மருந்து, நஞ்சு என இரு பொருளும் உண்டு. நாளடைவில் இத்தொடரின் பிற்பகுதி உதிர்ந்தது. 'வில்லுக்குரிய' என்ற முற்பகுதியே நஞ்சைக் குறிக்கலாயிற்று. அது இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்து 'டாக்சிக்' ஆனது. உதிர்ந்த சொல்லோ 'ஃபார்மசி' என்று மருந்துக்கடைப் பலகையில் வாழ்கிறது!

வேர் தெரியாமல் சொல்லை உருப்போட்டால் ஏமாந்து போவோம். 'டாக்சோபிளாஸ்மா' என்ற ஒட்டுண்ணியின் பெயரைக் கேட்டவுடன் 'நச்சு உயிரி' என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது வில்போல் வளைந்திருப்பதால் பெற்ற பெயர்.

சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அம்பு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் 'குராரே' என்னும் தாவர நஞ்சை அம்பில் தடவி வேட்டையாடினர். அந்த அம்பு பட்ட விலங்கு மூச்சு நின்று இறந்துவிடும். ஆனால் அதன் இறைச்சியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை. காரணம் என்ன? குராரேயைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. இரத்தத்தில் கலந்தால்தான் அது நரம்பின் கட்டளை தசையை எட்டாமல் தடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் இதைச் சோதனைகளால் ஆராய்ந்தார். அதே குராரே, 1942இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தும் மருந்தாகப் பயன்பட்டது.

ஆகவே, 'இது நச்சா?' என்று மட்டும் கேட்பது அரைக் கேள்விதான். எவ்வளவு? எந்த வழியாக உடலுக்குள் செல்கிறது? இவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்ற கருத்தைப் பாராசெல்சஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே கூறிவிட்டார்.

இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. பள்ளியில் வாரம் ஒன்றாகத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை இரத்தசோகையைத் தடுக்கிறது. அதையே கைநிறைய அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வெப்பமானி உடைந்து சிந்தும் பாதரசத்தைக் குடல் மிகச் சிறிதளவே உறிஞ்சும். அதனால் அது தீங்கற்றது என்று கையில் உருட்டி விளையாடலாமா? கூடாது! அதன் ஆவி மூச்சுவழியே சென்று மூளையைத் தாக்க வல்லது.

'இரசாயனமே இல்லாதது, இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. நீரும் ஓர் இரசாயனப் பொருளே. அரளியோ முழுக்க முழுக்க இயற்கையானது. ஆனால் கொல்லும் நஞ்சு. எல்லாவற்றையும் 'டாக்சிக்' என்று அஞ்சுவதும், இயற்கை என்றாலே கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்பதே என் கருத்து.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை இச்சொல் காதில் விழுந்தால் அந்த வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எவ்வழி என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைத்த பிறகு அஞ்சுவதா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.