ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த கிறிஸ்துமஸ்

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். 1826-ல் கட்டிய ஊசிக்கோபுரம் கோயிலைப் பார்க்காமல் அந்த ஊரில் ஒரு நாளும் போகாது. டிசம்பர் வந்தால் தெருவெல்லாம் காகித நட்சத்திரம். உடன் படித்த நண்பன் வருஷா வருஷம் வீட்டுக்குக் கூப்பிடுவான். ஏதாவது சாக்குச் சொல்லி நழுவி விடுவேன். வெறுப்பெல்லாம் இல்லை. 'நமக்கு அங்கே என்ன வேலை?' என்கிற கூச்சம்தான். டாக்டரான பிறகு அந்தக் கூச்சத்துக்கு நல்ல காரணமும் கிடைத்து விட்டது: மைதா கேக், எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை!

எங்கள் எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். பன்னிரண்டு வருஷமாக நீரிழிவு. ஆங்கில மாத்திரை சாப்பிடுகிறார். பத்தியத்துக்கு என்னிடம் வருவார். மூன்று வருஷத்துக்கு முன் டிசம்பர் 20 ஆகியும் அவர் வாசலில் நட்சத்திரத்தைக் காணோம்.

''என்ன டீச்சர், ஸ்டார் கட்டலையா?'' சும்மாதான் கேட்டேன்.

''பலகாரம் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. செய்யலைன்னா யாருக்குக் கொடுத்து விட? கொடுத்து விடலைன்னா யாரு வரப் போறா? அப்புறம் ஸ்டாரு மட்டும் எதுக்கு?''

சுரீர் என்றது. சர்க்கரையைத்தான் நிறுத்தினேன் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டுக்கு வந்து போகிற மனுஷங்களையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன்!

மறுநாள் என் மனைவி போய் சிறுபயறு வறுத்தாள். கருப்பட்டிப் பாகு, எள், தேங்காய், சுக்கு, ஏலம் போட்டு உருண்டை பிடித்து, அரிசி மாவில் தோய்த்துப் பொரித்தால் முந்திரிக்கொத்து. (பெயரில்தான் முந்திரி, உள்ளே ஒன்று கூடக் கிடையாது!) நான் ஏணி மேல் ஏறி ஸ்டார் கட்டினேன். ராத்திரி பதினோரு மணிக்குக் கேரல் பாடுகிற பிள்ளைகள் வந்தார்கள். பனியில் நின்று அவர்கள் பாட, டீச்சர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கொடுத்த வேகம் இருக்கிறதே... மூட்டு வலி என்று என்னிடம் தைலம் வாங்குகிறவர் இவர்தானா என்று ஆகி விட்டது. அன்றைக்கு நானும் இரண்டு சாப்பிட்டேன்.

2023 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மனிதர்களின் தனிமையைக் கவனிக்க ஒரு குழுவே அமைத்தது. நாங்கள் டாக்டர்கள், எந்த வைத்தியமானாலும் சரி, 'சாப்பிடாதே' என்று சீட்டில் எழுதும்போது, அந்தப் பலகாரத்தை நம்பி வாசலுக்கு யார் யார் வருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நீரிழிவுக்காரர் பண்டிகைக்கு ஒன்று சாப்பிடட்டும். சாப்பாட்டோடு சாப்பிடட்டும், அன்றைக்குச் சோற்றைக் குறைக்கட்டும், மாத்திரையை விடக்கூடாது. மீதியை ஊருக்குக் கொடுக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சர்க்கரை அளவு கேட்கிறீர்கள் அல்லவா? இந்த வாரம் யார் வந்து போனார்கள் என்றும் கேளுங்களேன்.

போன டிசம்பரில் அந்தக் கல்லூரி நண்பனுக்குப் போன் போட்டேன்.

''இப்பவாவது வருவியாலே?'' என்றான்.

மனைவியையும், டீச்சரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி விட்டேன்.