டாப்ளர்ங்கிறது மெஷின் பேர் இல்லைங்க, ஒரு மனுஷன் பேர்

1/
"டாக்டர், டாப்ளர் எடுத்துட்டு வரச் சொன்னாங்க." கால் வீக்கத்தோட வர்றவங்க, கர்ப்பிணிகள், இதய வால்வு பிரச்சினை இருக்கிறவங்கன்னு பலரும் சொல்ற வாக்கியம் இது. நிறைய பேர் அதை மெஷினோட பேர்னோ, கம்பெனி பேர்னோ நினைச்சிருக்காங்க. அது ஒரு பேராசிரியரோட குடும்பப் பெயர். அந்தப் பேர் எப்படி உங்க ரிப்போர்ட் வரைக்கும் வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டா, வாட்ஸ்அப் ஃபார்வர்டு படிக்கும்போது உதவும்.

2/
கிறிஸ்டியன் டாப்ளர், 1803-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். பிராக் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்தபோது, 1842-ல் இரட்டை நட்சத்திரங்களின் நிறம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்.

சாரம் இதுதான்: அலையை அனுப்புற பொருள் நம்ம பக்கம் வந்தா அதிர்வெண் கூடித் தெரியும், விலகிப் போனா குறையும். ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டும்போது சைரன் சத்தம் சட்டுன்னு இறங்குதே, அதேதான்.

3/
ஆனா அவர் எதை விளக்க இதைச் சொன்னாரோ, அது தப்பு. நட்சத்திரங்கள் சிவப்பாகவும் நீலமாகவும் தெரிய அவற்றின் நகர்வுதான் காரணம் என்றார். உண்மையில் நிறத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது வெப்பநிலை. நகர்வால் வரும் மாற்றம் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது.

தத்துவம் சரி, உதாரணம் தப்பு.

4/
நெதர்லாந்தில் பாய்ஸ் பலோட் என்ற விஞ்ஞானிக்குச் சந்தேகம். "பேராசிரியர் சொல்லிட்டார்"னு அவர் விட்டுடல. 1845-ல் ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரம் சுருதி ஞானம் உள்ளவர்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார். ரயில் கிட்ட வரும்போது சுருதி ஏறியது. தாண்டிப் போனதும் இறங்கியது.

ஒலி விஷயத்தில் டாப்ளர் சொன்னது சரி, நட்சத்திர நிறத்துக்குச் சொன்ன விளக்கம் சரியில்லை என்றார் அவர். எழுதினது ஒரே ஆள்தான். ஒண்ணு நின்னுச்சு, இன்னொண்ணு விழுந்துச்சு.

5/
1848-ல் பிரான்ஸில் ஃபிஸோ, டாப்ளரைச் சாராமல் தனியாகவே ஒளிக்கு இதைச் சரியாக விளக்கினார். அதனால் பிரான்ஸில் இன்னைக்கும் 'டாப்ளர்-ஃபிஸோ விளைவு'ன்னு சொல்றாங்க. 1853-ல் 49 வயதில் டாப்ளர் இறந்துட்டார். எந்தப் பேர் நிலைக்கணும்னு முடிவு பண்ணது பின்னால் வந்து சோதிச்சவங்களும் பயன்படுத்தினவங்களும்தான்.

6/
ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தது? 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் சடோமுரா என்பவர், கேளா ஒலியை உடலுக்குள் அனுப்பி இதயத்தின் அசைவைக் கவனித்தார். இன்றைக்கு ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்குன்னு பார்த்து, ரத்தம் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடுதுன்னு கணக்கிடுறோம்.

கால் சிரையில் ரத்தக்கட்டி, வால்வில் சுருக்கம், வளர்ச்சி குறைந்த சிசுவின் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் எல்லாம் இப்படித்தான் தெரியுது.

7/
ஒரு சின்னத் தகவல். ஸ்கேன் திரையில் சிவப்புன்னா நல்ல ரத்தம், நீலம்னா கெட்ட ரத்தம்னு நினைக்காதீங்க. வழக்கமா, கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம். அவ்வளவுதான்.

8/
இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

அறிவியலில் பேர் கடைசியாத்தான் வருது. முதல்ல கூற்று, அப்புறம் சோதனை, அது நின்னாத்தான் பேர். வாட்ஸ்அப்பில் தலைகீழ். "நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சொல்கிறார்"னு பேர் முதல்ல வரும். சோதனை வரவே வராது.

9/
நோபல் வாங்கினவர் சொன்னாலும் சோதிக்கணுமா? கண்டிப்பா. லைனஸ் பாலிங் தனியாக இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். வேதியியலில் எலக்ட்ரான் கவர்திறன் அளவுகோல் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கு. அவரேதான் அதிக அளவு வைட்டமின் சி புற்றுநோயாளிகளுக்கு உதவும்னு சொன்னார். மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த மேயோ கிளினிக் ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியல. அளவுகோல் நின்னுச்சு, வைட்டமின் கூற்று நிக்கல.

10/
அதனால ஒரு எளிய வழி. அடுத்த முறை ஒரு மருத்துவச் செய்தி வந்தா, அதிலிருக்கிற பேரை எடுத்துட்டுப் படிங்க. அப்புறமும் அதில் ஏதாவது மிச்சம் இருக்கா? எத்தனை பேரிடம் சோதிச்சாங்க, எதோடு ஒப்பிட்டாங்கன்னு இருக்கா? பேரை எடுத்ததும் செய்தியே காலியாயிடுச்சுன்னா, அதை நம்பி உங்க சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தாதீங்க.

டாப்ளர்னு ஒருத்தர் இருந்ததே தெரியலைன்னாலும் சைரன் சுருதி இறங்கத்தான் செய்யும்.

11/
இது எங்களுக்கும் பொருந்தும். என்னையும் சேர்த்து எந்த டாக்டரிடமும் "எதை வெச்சு சொல்றீங்க டாக்டர்?"னு கேளுங்க. அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. அந்தக் கேள்வியைத் தாண்டி வந்ததாலதான் உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தப் பேர் இருக்கு.