சந்தா மட்டும் போதுமா?

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்திருந்தாள். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்து வேப்ப மரம் முதல் எல்லாவற்றையும் விசாரித்தாள். பேச்சு மெல்ல 2023-ஆம் வருஷத்தில் அந்நாட்டு நர்ஸுகள் நடத்திய வோட்டெடுப்புக்கு வந்தது.

"நீ வோட்டுப் போட்டாயா, அம்மா?" என்று கேட்டேன்.

அவள் சற்று வெட்கத்துடன் சிரித்தாள். "சீட்டு தபாலில் வந்தது, ஸார். ராத்திரி வேலை முடிந்து வந்தவள் சமையலறை அலமாரியில் வைத்தேன். மறுபடி கண்ணில் பட்டபோது கெடு தாண்டிவிட்டது. ஆனால் சந்தாவை ஒரு மாதங்கூட நிறுத்தியதில்லை!"

அந்தக் கடைசி வாக்கியம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அவள் அங்கத்தினராயுள்ள ராயல் காலேஜ் ஆப் நர்ஸிங் 1916-இல் தோன்றியது. பெயர் காலேஜ் என்றாலும் அது நர்ஸுகளின் தொழிற்சங்கமும் ஆகும். அங்கத்தினர் சுமார் ஐந்து லட்சம் பேர். சம்பளம் போதவில்லை என்று 2022 டிசம்பரில், தன் சரித்திரத்திலேயே முதன்முறையாக, இங்கிலாந்தில் அது வேலை நிறுத்தம் செய்தது. 2023 ஏப்ரலில் சர்க்கார் கூறிய சம்பள ஏற்பாட்டை இங்கிலாந்து நர்ஸுகள் நிராகரித்தனர்; அப்போது வோட்டளித்தவர் நூற்றுக்கு 61 பேர். வேலை நிறுத்தத்துக்குப் பெற்ற அனுமதி ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பது அக்காலச் சட்டம். ஆகவே மீண்டும் ஒரு வோட்டெடுப்பு நடந்தது. ஜூன் மாதம் எண்ணிப் பார்த்தபோது, வோட்டளித்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் வேலை நிறுத்தம் வேண்டும் என்றே சொல்லியிருந்தனர். ஆயினும் அது செல்லவில்லை. வோட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது சீட்டை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியவர்களோ நூற்றுக்கு 43 பேர்தான்.

கணக்குப் பாடம் நடத்தும் எனக்கு இதில் ஒரு விசித்திரம் புலப்படுகிறது. நூறு பேரில் வேண்டும் என்றவர் சுமார் 36 பேர். வேண்டாம் என்றவர் 7 பேர். ஒன்றும் சொல்லாதவர் 57 பேர். வேண்டாம் என்று எழுதிய அந்த ஏழு பேர்கூடப் பாதி எண்ணிக்கை நிறைவதற்குத் தம் பங்கைச் செலுத்தினர். முயற்சியைத் தோற்கடித்தவர்கள் எதுவுமே எழுதாதவர்கள். அவர்களில் சிலர் வேண்டுமென்றே விலகியிருக்கலாம். என் மாணவியைப் போல் மறந்தவர்களின் மௌனமும் அவர்கள் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளிடையே நின்றவளைச் சோம்பேறி என்பவன் ஆஸ்பத்திரியைக் கண்டறியாதவன். பகல் ஒரு வாரம், இரவு ஒரு வாரம் என்று மாறும் வேலையில், மாலை ஆறு மணிக் கூட்டம் பாதிப் பேருக்கு உறங்கும் வேளை. மீதிப் பேருக்கு உழைக்கும் வேளை. அந்நாட்டு நர்ஸுகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் வீட்டு வேலை காத்திருக்கிறது. மேலும், அதே சங்கத்தில் மேலதிகாரியும் அங்கத்தினர். வார்டில் யாருக்குக் கீழ்ப்படிகிறோமோ, அவருக்கு எதிரே எழுந்து நின்று குறை சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

அப்படியானால் ஏன் சேருகிறார்கள்? மருந்தில் ஒரு பிழை நேர்ந்து வழக்கு வந்தால் சட்ட உதவி உண்டு. நஷ்டஈட்டுக்குக் காப்புறுதி உண்டு. மழைக்குக் குடை வாங்குவது போலச் சந்தா கட்டுகிறார்கள். குடை வைத்திருப்பவனைக் குடைக்காரர் மகாநாட்டுக்கு அழைத்தால் வருவானா? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மான்கர் ஒல்ஸன் 1965-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். சம்பளம் உயர்ந்தால் கூட்டத்துக்கு வந்தவருக்கும் வராதவருக்கும் ஒன்றாகவே உயர்கிறது. ஆகையால் பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரும் பிறர் பாடுபடட்டும் என்றிருப்பது இயல்பு; தனி லாபம் ஏதேனும் காட்டினால்தான் சேருவார்கள் என்பது அவர் சித்தாந்தம்.

இயல்புதான், ஆனால் அதன் விலை சிறிதன்று. வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்பதை அறிந்தவள் பேசாவிட்டால், அறியாதவர்கள் தீர்மானிப்பார்கள். அந்தத் தீர்மானத்தின் பலனை அனுபவிப்பவன் கட்டிலில் கிடக்கும் நோயாளி.

சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "எல்லாரும் ஊக்கமாக உழையுங்கள்" என்று பிரசங்கம் செய்வதை விட்டு, ஒருத்தியிடம் ஒரு சிறு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "உன் வார்டில் இந்தப் பத்துப் பேர் சீட்டை அனுப்பினார்களா என்று விசாரித்துச் சொல்." கூட்டத்தை வேலை மாறும் நேரத்தில், வேலை செய்யும் இடத்துக்கு அருகில் வைக்க வேண்டும். வீட்டாரும் ஒன்று செய்யலாம். நர்ஸாக இருக்கும் மகளோ மருமகளோ கூட்டத்துக்குப் போகும் அன்று, அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

என் மாணவி விடைபெறும்போது, "நீங்கள் உங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போவீர்கள், இல்லையா ஸார்?" என்று கேட்டாள்.

பதினெட்டு வருஷச் சந்தா ரசீதுகள் என் மேஜையில் பத்திரமாக இருக்கின்றன. கூட்டத்துக்குப் போனது இரண்டு முறை. அதில் ஒரு முறை மழைக்காக ஒதுங்கியது. அடுத்த கூட்டத்தின் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.